தபாஸும் தாம்பரத்து மாலையும்

(தாம்பரத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர்கள் சிலர், ஸ்பெயின் நாட்டுத் தீனியைப் பற்றித் தாம்பரத்தில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நிறைய இருக்கிறது. மாலை நேரத்தில் வீட்டுக்கு வெளியே வந்து, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் நின்று, கொஞ்சமாகத் தின்று, பேசிவிட்டுக் கலைந்து போவது ஒரு ஊரின் சொத்து. ஸ்பெயின்காரர்கள் அதைச் சொத்து என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் அது இருக்கிறது. நாம் அதை இடைஞ்சல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

தபாஸ் என்பது ஏதோ ஒரு பலகாரத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் பண்டமும் தபாஸ் ஆகலாம். உப்பில் ஊறிய ஆலிவ் காய் நாலைந்து, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தடிமனாகச் சுட்ட அடையில் ஒரு துண்டு, வறுத்த நெத்திலி ஒரு பிடி, பூண்டு தட்டிப்போட்டு எண்ணெயில் புரட்டிய இறால், உப்பிட்டு மாதக்கணக்கில் காயவைத்த பன்றித் தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவிய இறைச்சி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். தட்டு சின்னதாக இருக்க வேண்டும். தின்பவர் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பார். ஒரே கடையில் வயிற்றை நிரப்பிக்கொள்ள மாட்டார். இந்தக் கடையில் இறால் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் காளான் நன்றாக இருக்கும் என்று கூட்டாளிகளோடு கடை கடையாக நடப்பார். கையில் ஒரு சின்னக் கிளாஸ் பீர் இருக்கும். சுமார் 200 மில்லி. அல்லது கொஞ்சம் ஒயின். குடிக்காதவருக்கு எலுமிச்சைச் சோடா. யாரும் அவரை ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான். 1940இல் பிராங்கோவின் ஆட்சி நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. அது இன்றுவரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வேலை முடிந்ததற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் அவர்களுக்கு ஒரு நீண்ட மாலை கிடைக்கிறது. அந்த மாலையைத் தெருவில் கழிக்கிறார்கள்.

செவில் நகரில் எல் ரின்கொன்சியோ என்று ஒரு கடை இருக்கிறது. 1670இல் தொடங்கியது. சென்னையில் ஆங்கிலேயர் கடற்கரை மணலில் இடம் வாங்கிக் கோட்டை கட்டத் தொடங்கி முப்பது ஆண்டுதான் ஆகியிருந்த காலம் அது. அந்தக் கடையில் நீங்கள் தின்றதை, குடித்ததைக் கடைக்காரர் உங்கள் முன்னால் இருக்கும் மர மேடையிலேயே சாக்கட்டியால் எழுதுகிறார். கிளம்பும்போது கூட்டிச் சொல்கிறார், காசை வாங்கிக்கொண்டு துணியால் துடைத்துவிடுகிறார். உங்கள் கணக்கு உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. அந்தக் கடையில் பேர்போன பண்டம் பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும். பூண்டு, சீரகம் போட்டு மசிய வேகவைத்தது. நம் வீட்டுச் சமையலறையில் வைத்தால் அதை யாரும் அந்நியப் பண்டம் என்று சொல்லமாட்டார்கள்.

கிரனாடாவில் இன்னொரு வழக்கம். ஒரு கிளாஸ் பானம் வாங்கினால் கூடவே ஒரு தட்டு பண்டம் தானாக வரும், அதற்குத் தனிக் காசு கிடையாது. இரண்டாவது கிளாஸுக்கு வேறொரு பண்டம். மாணவர்கள் நிறைந்த பல்கலைக்கழக ஊர் அது. கையில் காசு குறைந்த பிள்ளைகளின் பசி அப்படித்தான் ஆறுகிறது.

வடக்கே, பாஸ்க் நாட்டில், சான் செபாஸ்தியான் என்ற கடற்கரை ஊர். அங்கே பண்டங்களை ஒரு சின்ன ரொட்டித் துண்டின்மேல் வைத்து, பல்குச்சி குத்தி, கடை மேடை முழுக்க வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பின்ச்சோ என்பார்கள். வேண்டியதை நீங்களே கைநீட்டி எடுத்துக்கொள்ளலாம். வழக்கம் மாறாத கடைகளில் கடைசியில் உங்கள் தட்டில் கிடக்கும் குச்சியை எண்ணிக் காசு வாங்குகிறார்கள், அல்லது நீங்கள் எத்தனை என்று சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இவற்றில் மூத்தது கில்டா. ஒரு ஆலிவ், ஊறுகாய் போட்ட பச்சை மிளகாய், உப்பு நெத்திலி, மூன்றையும் ஒரே குச்சியில் கோத்தது. 1946இல் ரீட்டா ஹேவொர்த் நடித்து வந்த படத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. புளிப்பும் உப்பும் காரமும் ஒரே வாயில். நம் நாக்குக்கு அது புதிது அல்ல.

இங்கே இருப்பவர்கள் இந்நேரம் ஒரு டீக்கடையை நினைத்திருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டியின் மேலே எவர்சில்வர் தட்டில் மசால் வடையும் கீரை வடையும் குவிந்திருக்கும். நாமே கைவிட்டு எடுக்கிறோம், கிழித்த தாளில் வைத்து எண்ணெயை ஒற்றுகிறோம், தின்கிறோம். பேச்சு முடிந்து கிளம்பும்போது, "அண்ணே, ரெண்டு டீ, மூணு வடை" என்கிறோம். யாரும் நம்மைக் கண்காணித்துக்கொண்டிருக்கவில்லை. நாம் சொன்னதுதான் கணக்கு. சான் செபாஸ்தியானில் அதைப் பார்ப்பதற்கென்று உலகம் முழுதிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள். தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலையில் தினமும் அது நடக்கிறது. அதை ஒரு பண்பாடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நமக்கும் ஸ்பெயினுக்கும் உறவு இல்லாமல் இல்லை. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டி வருவது பரங்கிமலை. அந்த மலைமேல் இருக்கும் தேவாலயம் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கட்டியது. மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோம் குடியிருப்பை அமைத்தவர்களும் அவர்களே. 1580 முதல் 1640 வரை அறுபது ஆண்டு போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. அந்த அறுபது ஆண்டும் சாந்தோமில் பறந்த கொடிக்கு மேலே ஸ்பெயின் மன்னர்தான். பள்ளிப் பாடத்தில் இதை நமக்குச் சொல்வதில்லை.

கொடி போனாலும் அவர்கள் கொண்டுவந்த பயிர்கள் தங்கிவிட்டன. மிளகாய் மெக்சிகோ பக்கத்துப் பயிர். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் கிழங்கு. அட்லாண்டிக் கடலைத் தாண்டி அவற்றை முதலில் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். மிளகாயை இந்தியக் கரையில் இறக்கியவர்கள் போர்ச்சுகீசியர். அந்தக் கப்பல்கள் வந்திராவிட்டால் செவிலில் உருளைக்கிழங்கு அடை இல்லை, குரோம்பேட்டையில் உருளைக்கிழங்கு போண்டா இல்லை. மிளகாய் பஜ்ஜியும் இல்லை. ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில் பத்ரோன் மிளகாய் என்று சின்னதாக ஒரு பச்சை மிளகாய். எண்ணெயில் வாட்டி உப்புத் தூவித் தருவார்கள். பெரும்பாலும் காரம் இருக்காது, நடுவே ஒன்று உச்சந்தலையில் ஏறும். நம் பஜ்ஜி மிளகாயும் அதே குணம். காடிஸ் துறைமுகத்தில் பொடி இறாலைக் கோதுமை மாவும் கடலை மாவும் கலந்த கரைசலில் போட்டு மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள். அந்த எண்ணெய்ச் சட்டியின் வாசனை நமக்குப் பழகியதுதான். அவர்கள் மாவு தடவிப் பொரிக்கும் பொக்கெரோனும், கோவளத்துக் கரையில் வலையில் வரும் நம் நெத்திலியும் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

சென்னையில் தபாஸ் பார் வந்ததில்லையா என்றால், வந்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கதீட்ரல் சாலையில் ஜாரா என்ற தபாஸ் பார் நகரத்து இளைஞர்களிடம் நல்ல பெயரோடு நடந்தது. அந்தச் சாலைக்கு அதைவிட மூத்த ஒரு சாப்பாட்டு வரலாறும் உண்டு. 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது அங்கேதான். மரத்தடியில் காரை நிறுத்தி, காரிலேயே தட்டை மாட்டிக்கொண்டு, ஒரு சாம்பார் வடையையும் ஒரு காபியையும் வைத்துக்கொண்டு அரை நாள் பேசியிருந்தவர்கள் இந்த ஊரில் பலர். சினிமாக் கதைகள் அங்கே பேசப்பட்டன, கல்யாணங்கள் முடிவாயின. அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. பூங்கா நல்லதுதான். ஆனால் கொஞ்சம் தின்று நிறையப் பேச ஓர் இடம் போய்விட்டது. என் பார்வையில் சென்னையின் உண்மையான தபாஸ் கடை அந்த டிரைவ்-இன்தான். ஒயின் இல்லை, காபி இருந்தது.

நகரத்துத் தபாஸ் பாரும் அதுபோன்ற இடங்களும் புறநகர்வரை ஏன் வரவில்லை? ஒரு காரணம் சட்டம். தமிழ்நாட்டில் தங்கும் அறை உள்ள ஹோட்டலுக்கும் உறுப்பினர்களின் கிளப்புக்கும்தான் பொதுவாக பார் உரிமம் கிடைக்கும். தெருமுனையில் பத்துப் பேர் நிற்கும் சின்னக் கடை ஒன்று கிளாஸ் ஒயினும் தட்டுப் பலகாரமும் விற்க இங்கே வழியே இல்லை. எனவே தபாஸ் என்ற பெயர் நம்மிடம் வந்தபோது குளிர்சாதன அறையோடும், வாசற்காவலரோடும், வரியோடும், சேவைக் கட்டணத்தோடும் வந்தது. செவிலில் கொத்தனாரும் பேராசிரியரும் தோளோடு தோள் நின்று தின்னும் பண்டம், சென்னையில் சம்பளம் பெருத்தவர்களின் பண்டமாயிற்று. இப்போது பழைய மகாபலிபுரம் சாலையிலும் வேளச்சேரியிலும் பெரிய உணவகங்கள் நம் இட்லியையும் தோசையையுமே சின்னத் தட்டில் வைத்துப் பெரிய விலைக்குக் கொடுக்கின்றன. தட்டைச் சிறிதாக்கிவிட்டு விலையைப் பெரிதாக்குவது தபாஸின் குணத்துக்கு நேர் எதிரானது. ஸ்பெயினின் ஆண்டலூசியாப் பகுதியில் ஒரே பண்டத்துக்குப் பலகையில் மூன்று அளவு, மூன்று விலை எழுதியிருப்பார்கள். சின்னது, பாதி, முழுசு. கையில் இருக்கும் காசுக்கும் வயிற்றில் இருக்கும் இடத்துக்கும் ஏற்றபடி வாங்கலாம். நம் ஓட்டல்களிலும் அரை பிளேட் என்று ஒன்று இருந்தது. ஒற்றை இட்லி, ஒற்றை வடை கேட்டால் கொடுத்தார்கள். அதை மறுபடி கொடுக்க வேண்டும் என்று ஓட்டல் நடத்தும் நண்பர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1983இல் மது மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. அதை ஒட்டிய பார்களில் என்ன தின்னக் கிடைக்கிறது என்று பாருங்கள். சுண்டல், அவித்த முட்டை, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், வறுத்த கடலை, குடல், ஆம்லெட். பண்டத்தை மட்டும் பார்த்தால் தபாஸ் பட்டியல்தான். ஆனால் அங்கே யாரும் மாலையைக் கழிக்கப் போகவில்லை. வெளிச்சம் குறைந்த கொட்டகையில், ஈரத் தரையில், 180 மில்லி குவார்ட்டரை அவசரமாகக் கவிழ்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். பெண்கள் அந்தப் பக்கமே போக முடியாது. குடும்பத்தின் கூலி அங்கே கரைகிறது. தபாஸ் வழக்கத்தில் பண்டம் குடியைத் தாமதப்படுத்துகிறது. பாட்டியும் பேரனும் பக்கத்தில் நிற்பதால் யாரும் வரம்பு மீறுவதில்லை. நம் பாரில் பண்டம் குடிக்குத் துணை போகிறது, பாட்டி அங்கே இல்லை. ஸ்பெயினிலிருந்து எதைக் கொண்டுவரலாம் என்று கேட்டால் ஒயினை விட்டுவிடுங்கள் என்பேன். எல்லா வயதினரும் ஆணும் பெண்ணும் ஒரே மேடையைச் சுற்றி நிற்கும் அந்த வழக்கம்தான் வேண்டும். அதற்கு மது தேவையில்லை.

தாம்பரத்து மாலைக்கு வருகிறேன்.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் காட்டுக்குள் குடிவந்தது. 1984இல் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். அதற்கும் முன்பே தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனி ஓர் ஊருக்கே பெயர் கொடுத்திருந்தது. தென் புறநகர் வளர்ந்ததே வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களால். காலையில் டிபன் டப்பாவோடு வண்டி ஏறியவர் மாலை ஆறு, ஏழு மணிக்கு இறங்கும்போது பசி இருக்கும். வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். ஸ்பெயினின் நீண்ட மாலையைக் கடிகாரம் உண்டாக்கியது. நம்முடையதை ரயில் உண்டாக்கியது. அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் ரயிலடியின் தள்ளுவண்டிகள் பார்த்துக்கொள்கின்றன.

படிக்கட்டு இறங்கினால் வேர்க்கடலை, சுண்டல், அவித்த சோளம். கொஞ்சம் தள்ளி பஜ்ஜிக் கடை. வாழைக்காயை நீளவாக்கில் சீவி, மாவில் தோய்த்துச் சட்டியின் ஓரமாக நழுவவிடுவார் ஒரு அம்மா. கெட்டிச் சட்னியும் காரச் சட்னியும் தனித்தனி வாளியில். அடுத்தது காளான் வண்டி. அகலக் கல்லில் முட்டைக்கோசும் காளானும் சிவக்கச் சிவக்கப் புரள்கிறது, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் விழுகிறது. அதற்கடுத்து பானி பூரி. வடக்கிலிருந்து பிழைக்க வந்த பையன் ஒரு கையால் பூரியை உடைத்துக்கொண்டே எத்தனை பேருக்கு எத்தனையாவது பூரி என்பதை மனசில் வைத்திருக்கிறான். சூப் வண்டியில் ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை சூப். இன்னொரு மூலையில் அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் சென்னைக் கடற்கரைப் பக்கம் போட்ட கடை. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள். பாரிமுனையில் நின்றிருந்த அந்தக் கடை இப்போது புறநகர் முழுக்கப் பரவிவிட்டது. அகதிகளாக வந்தவர்கள் இந்த நகரத்துக்கு ஒரு ருசியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே யாரும் ஒரே வண்டியில் நின்றுவிடுவதில்லை. பஜ்ஜி ஒரு இடம், சூப் ஒரு இடம், முடிவில் டீயோ ரோஸ்மில்க்கோ ஒரு இடம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கைப்பக்குவம், அதற்கென்று ஆட்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய இரும்பும் செடியும் மிதிவண்டியும் வாங்க வருகிறவர்களும் அப்படித்தான், நடந்துகொண்டே தின்கிறார்கள். ஸ்பானியர் இந்த நடைக்கு ஒரு பெயர் வைத்து, ஊர்ப் பெருமையாக்கி, சுற்றுலாப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள்.

முன்பின் தெரியாதவர் பக்கத்தில் நின்று தின்பது தமிழ்நாட்டில் சும்மா கிடைத்துவிடவில்லை. சாப்பாட்டுக் கடைப் பலகையில் சாதிப் பெயர் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதம் நடந்தது. தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைப் பெயரிலிருந்து பிராமணாள் என்ற சொல்லை எடுங்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது, இன்னும் முழுக்க ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. அந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், ரயிலடி வண்டியில் ஒரே வாளிச் சட்னியை ஒரே கரண்டியால் எல்லாருக்கும் ஊற்றுவது சாதாரணக் காரியம் அல்ல. உன் பெயர் என்ன, ஊர் என்ன, தெரு என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மெப்ஸில் ஷிப்டு முடித்து வந்த பெண்ணும், விமானப்படை முகாமிலிருந்து வந்த வடநாட்டு வீரரும், மார்பு நோய் மருத்துவமனையில் உறவினரைப் பார்த்துவிட்டு வந்த விழுப்புரத்துக்காரரும், கல்லூரி விடுதிப் பிள்ளையும் ஒரே வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்காத ஒன்று பஜ்ஜிச் சட்டியின் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நீங்களே போய் நின்று பாருங்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீக்கடை நெடுங்காலம் ஆண்களின் இடம். பெஞ்சு, செய்தித்தாள், அரசியல் எல்லாம் அவர்களுக்கு. பெண்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், தெருவில் நின்று தின்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டார்கள். தள்ளுவண்டி அதை மாற்றியது. பானி பூரி வண்டியையும் காளான் வண்டியையும் சுற்றி இன்று பாதிப் பேர் பெண்கள். அலுவலகம் முடிந்து தோழிகளோடு நின்று, சிரித்துப் பேசி, காரம் ஏறி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தின்கிறார்கள். வண்டி நடத்துகிறவர்களிலும் பெண்கள் பலர். பிள்ளைகளைப் படிக்கவைத்த பஜ்ஜிச் சட்டிகள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. சட்டம் போடாமலே, கூட்டம் போடாமலே நடந்த மாற்றம் இது. இதற்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம்?

விரட்டுகிறோம். சாலை அகலமாக்க வேண்டுமென்றால் முதலில் போவது வண்டி. நடைபாதை சீரமைப்பு என்றாலும் வண்டிதான். நடைபாதையில் நடக்க வழி வேண்டும், நான் மறுக்கவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு முதியவர் தெருவில் இறங்கி நடக்கும்போது எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அதே நடைபாதையில் ஏறி நிற்கும் காருக்கும், கடைகள் வெளியே நீட்டியிருக்கும் படிக்கட்டுக்கும் யாரும் அவ்வளவு அவசரம் காட்டுவதில்லை. இன்னொரு பக்கம், கைபேசியில் அழுத்தினால் எல்லாம் வீடு தேடி வருகிறது. பஜ்ஜி அட்டைப் பெட்டிக்குள் வேர்த்து, தளர்ந்து வந்து சேர்கிறது. பண்டம் கெடுவது ஒரு நஷ்டம். பக்கத்தில் யாரும் இல்லாமல் அதைத் தின்பது இன்னும் பெரிய நஷ்டம்.

சுத்தம் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டும். அச்சடித்த செய்தித்தாளில் உணவு கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே சொல்லிவிட்டது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைந்து உருவாகும் கூறுகளுக்கு 25 சதவீதம் என்று 2018இல் வரம்பு வைத்தது. இரண்டும் சரியானவை. ஆனால் குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில், சாக்கடை மூடி இல்லாத இடத்தில், இன்று இருப்போமா நாளை இருப்போமா என்று தெரியாமல் நிற்கும் ஒருவரிடம் சுத்தத்தை மட்டும் கேட்பது நியாயம் ஆகாது. சிங்கப்பூர் இதற்கு வழி காட்டியது. 1971க்கும் 1986க்கும் இடையில் அந்த அரசு தெருவோரக் கடைகளை மெல்ல மெல்ல எடுத்து, தண்ணீரும் வடிகாலும் கூரையும் உள்ள பொது உணவு வளாகங்களில் குடியேற்றியது. தமிழர்கள் கூடும் தேக்கா சந்தை வளாகமும் அந்த வகைதான். அந்தக் கடைகளின் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. தெருவிலிருந்து துரத்தியிருந்தால் அந்தப் பட்டியலில் சேர்க்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் காலங்காலமாகக் கூடும் இடத்தை இயல்பான சந்தை என்று அந்தச் சட்டம் தனியாகவே ஒத்துக்கொள்கிறது. பல்லாவரம் வெள்ளிச் சந்தையும் நம் ரயிலடியும் இயல்பான சந்தைகள் இல்லையென்றால் வேறு எது?

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகள். புதிய மாநகராட்சி. இன்னும் பழைய நகரங்களின் பிடிவாதங்கள் இதற்கு வரவில்லை. ஒவ்வொரு ரயில் நிலையத்தின் இரண்டு பக்கத்திலும், தண்ணீர்க் குழாயும் வடிகாலும் விளக்கும் குப்பைத் தொட்டியும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மேடையும் வைத்து மாலைக் கடைகளுக்கு இடம் ஒதுக்கலாம். கல்மேடை கட்டாயம் வேண்டும். தட்டை வைக்க இடமிருந்தால் ஜனங்கள் நிற்பார்கள், நின்றால் பேசுவார்கள். பக்கத்திலேயே பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். இல்லையென்றால் அவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே தங்க மாட்டார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு மேம்பாலத் தூணுக்கு ஆகும் காசுகூட ஆகாது என்றே நினைக்கிறேன்.

இந்த அரங்கில் பல வார்டுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். அடுத்து வார்டுக் கூட்டம் நடக்கும்போது சாலை, குப்பை, குடிநீரோடு இதையும் கேளுங்கள். நம் வார்டில் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தாயிற்றா, அடையாள அட்டை கொடுத்தாயிற்றா, நகர விற்பனைக் குழுவில் நம் பகுதிப் பஜ்ஜிக் கடை அம்மாக்களில் யாராவது இருக்கிறார்களா என்று உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். இன்று இங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எந்த வண்டியிலாவது எதையாவது வாங்கினால், பொட்டலம் கட்டாதீர்கள், அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.